ஜார்தினியேரா காய்கள் குழைந்து போவதற்கு

வினிகரில் ஊறும் இத்தாலியக் காய்கறி ஊறுகாயான ஜார்தினியேரா வீட்டில் செய்தால் ஏன் குழைந்து போகிறது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் காயையும் ஒன்றாகப் போடாதீர்கள், அடுப்பைச் சீக்கிரம் அணையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் உப்பு, சர்க்கரை அளவில் தப்பில்லை. மொத்தமாகப் போட்டு 10 நிமிடம் கொதிக்க விட்டதால்தான் இரண்டாம் நாளே கொழகொழவென்று ஆகியிருக்கிறது.

வினிகர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முதலில் கேரட், ஒரு நிமிடம் கழித்து காலிஃபிளவரும் சின்ன வெங்காயமும், அப்புறம் செலரி, கடைசியில் குடைமிளகாய். எல்லாம் 5 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் சூட்டோடு ஜாடியில் போட்டு மூடிய பிறகும் உள்ளே காய் வெந்துகொண்டேதான் இருக்கும். இறக்கும் முன் ஒரு கேரட்டைக் கடித்துப் பாருங்கள், நறுக்கென்று உடைய வேண்டும், நடுவில் லேசாகப் பச்சை வாசம் அடித்தாலும் பரவாயில்லை.

வினிகர் பாட்டிலில் அமிலம் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். 5 சதவீதத்துக்குக் குறைந்தால் தண்ணீர் கலக்க வேண்டாம், வேறு வினிகர் வாங்குங்கள்.

கடையில் விற்கும் ஜார்தினியேரா எண்ணெயில் மிதக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அது சிகாகோ வகை, பச்சை மிளகாய் தூக்கலாக, இத்தாலியன் பீஃப் சாண்ட்விச்சுக்குள் வைப்பது. இத்தாலியில் வழக்கமாக வினிகரில்தான் ஊறும். சலாமி (பதப்படுத்திய இறைச்சி) தட்டில் வைக்க உங்களுக்கு வேண்டியது வினிகர் ஜாடிதான்.

ஒன்று மட்டும் கவனம்: எண்ணெய் வகையை வீட்டில் செய்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அமிலம் சரியாக ஏறாத காயும் பூண்டும் எண்ணெய்க்கடியில் வெளியே கிடந்தால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நச்சு நோய் வரலாம், கெட்டது வாசனையில் தெரியாது.