முள் ஒரு கோடு

அன்புள்ள ஐயா,
நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன். விமானத்துக்கு உதவும் கார்பன் ஃபைபர், டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போய் நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியில் ஏன் கைவிட்டது? ஆழ்கடலுக்கு ஆட்களை அனுப்ப நம் நாடு செய்யும் நீர்மூழ்கி மத்ஸ்யா 6000 ஏன் இப்படி நாள் இழுக்கிறது? சோதனை, சான்றிதழ் என்றே இருந்தால் புதுமை எப்போது வரும்?
க.

அன்புள்ள தம்பி,

முதல் கேள்வி எளிது. விமானத்தின் உடலை உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளுகிறது, இழைகள் இழுபடுகின்றன. கடலில் எல்லாப் பக்கமும் அமுக்கம். வைக்கோல் பிரியை இழுத்துப் பார், தாங்கும். மேலிருந்து அமுக்கு, மடங்கும். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில் உன் நகத்தளவு இடத்தின்மேல் கிட்டத்தட்ட 390 கிலோ. நீர்மூழ்கியின் கூடு கோளமா உருளையா என்பதையெல்லாம் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்.

புதுமை என்றாயே, அதுதான் எரிச்சல். டைட்டனுக்காகச் செய்த சிறிய மாதிரிகள் சோதனைத் தொட்டியிலேயே நொறுங்கின. 2022 ஜூலையில், 80வது முழுக்கு முடிந்து மேலே வரும்போது 'டமார்' என்று ஒரு சத்தம். உடலில் ஒட்டியிருந்த கருவிகளின் அளவுகளும் அதன்பின் மாறின. கூட்டில் சுற்றிய கார்பன் ஃபைபர் அடுக்குகள் அன்றே பிரிந்துவிட்டன என்று பிற்பாடு விசாரணையில் சொன்னார்கள். கூடு அதைத் தாங்கும் சட்டகத்துக்குள் நகர்ந்த சத்தம் என்று சமாதானம் சொன்ன முதலாளி ஸ்டாக்டன் ரஷ், 2023 ஜூன் 18 அன்று இன்னும் நாலு பேரோடு அதிலேயே போனார். படித்த பிள்ளை நீ, இதையா புதுமை என்கிறாய்?

அவரைத் திட்ட எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. இருபது வயதில் ஒரு பாய்லர் பட்டறையில் வேலை பழகினேன். தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, கேஜ் முள்ளை அரை மணிக்கொருமுறை பார்த்து எழுத வேண்டும். ஒரு ராத்திரி முள் ஒரு கோடு இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம், பழைய எண்ணையே எழுதிவிட்டேன். ஃபோர்மேன் வந்தார். நோட்டைத் திறக்கவே இல்லை. பாய்லரை மெதுவாகச் சுற்றி வந்து, அடிப்பக்கத்து வெல்டிங்கில் ஒரு இடத்தை விரலால் தடவினார். அந்த ஈரத்தை என் சட்டைப் பையில் துடைத்துவிட்டு, "இப்ப எழுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம், மத்ஸ்யா. மறந்தே போனேன். மூன்று பேர் உட்காரப் போகும் 80 மி.மீ. டைட்டானியக் கோளம் அது. இழுக்கட்டும், தம்பி.