300 மீட்டர் தள்ளி ஓடும் ஃபேனின் அதிர்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சிமென்ட் ஆலையில் ஐ.டி. ஃபேனுக்கும் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெரிய ஃபேன்) கண்ட்ரோல் ரூமுக்கும் இடையே 300 மீட்டர். பேரிங்கில் 1 ஜி அதிர்வுக்கு 100 மில்லிவோல்ட் தரும் ஆக்சிலரோமீட்டர் (அதிர்வை மின் சிக்னலாக்கும் சென்சார்) பொருத்தி, கேபிளை நேராகக் கண்ட்ரோல் ரூம் வரை இழுத்திருக்கிறோம். ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடம்) சுற்று வேகத்துக்குரிய பீக் சரியாக வருகிறது. பேரிங் பழுதைக் காட்டும் உயர் அதிர்வெண்கள் மட்டும் குழம்பித் தெரிகின்றன. கையடக்க மீட்டரை ஃபேன் அருகே வைத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவு. சென்சாரை மாற்ற வேண்டுமா? (வாசகர், அரியலூர்)

பதில்: சென்சாரில் கை வைக்காதீர்கள். சந்தேகம் கேபிள் மேல்தான்.

இந்த வகை சென்சாருக்குள்ளேயே ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதற்கு மாறாத கரண்ட் கொடுக்கிறோம்; சிக்னலும் அதே இரண்டு ஒயரில் திரும்பி வருகிறது. ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, உண்டு. 300 மீட்டருக்கு 30,000 ஆகிவிடும். சிக்னல் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் இந்தக் கெப்பாசிட்டன்ஸை நிரப்ப வேண்டும். நிரப்பக் கரண்ட் போதவில்லை என்றால் அலையின் ஏறுமுகம் சரிந்து, உருவம் கெட்டுப்போகும்.

கணக்கு எளிது. கொடுக்கும் கரண்டிலிருந்து சென்சாரின் சொந்தச் செலவுக்கு 1 மில்லி ஆம்பியர் கழித்துக்கொள்ளுங்கள். மீதியை 100 கோடியால் பெருக்குங்கள். வந்ததை 6.28, பைகோஃபாரட், சிக்னலின் உச்ச வோல்ட் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால், சிக்னல் கெடாமல் வரும் உச்ச அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். உங்கள் கேபிளில், 5 வோல்ட் சிக்னலுக்கு, 2 மில்லி ஆம்பியர் கொடுத்தால் எல்லை சுமார் 1,060 ஹெர்ட்ஸ்தான். 4 கொடுத்தால் 3,180. 10 கொடுத்தால் 9,500-ஐத் தாண்டும்.

'எங்கள் ஃபேனில் 5 வோல்ட் எங்கே வரப்போகிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், 1 வோல்ட் சிக்னலுக்கு எல்லை 5 மடங்கு உயரும். ஆனால் பழுதான பேரிங் தட்டும் ஒவ்வொரு அடியும் சென்சாரின் சொந்த ஒத்ததிர்வைக் கிளப்பிவிடும். அது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, நீங்கள் ஸ்பெக்ட்ரத்தில் பார்க்காத இடத்தில் நடக்கும். அங்கே அலை கெட்டால், கீழே நீங்கள் பார்க்கும் பகுதியில் இல்லாத பீக்குகள் முளைக்கும்.

செய்ய வேண்டியது: கேபிளின் இரு முனையையும் கழற்றி, கெப்பாசிட்டன்ஸ் மீட்டரால் ஒருமுறை அளந்து பாருங்கள். தயாரிப்பாளர் தரும் எண்ணை விட இது நம்பகமானது. பிறகு சென்சாருக்குக் கரண்ட் கொடுக்கும் கண்ட்ரோல் ரூம் கார்டின் கரண்ட் அமைப்பைப் பாருங்கள். 2-இல் இருந்தால் உயர்த்தலாம். சென்சார் தாங்கும் உச்சத்தை டேட்டா ஷீட்டில் பார்த்துவிட்டு உயர்த்துங்கள். கரண்ட் கூடினால் சென்சாரும் சூடாகும், வெப்பமான இடத்தில் அதன் ஆயுள் குறையும்.

கையோடு மல்டிமீட்டரில் பயாஸ் வோல்டேஜையும் (சிக்னல் இல்லாதபோதும் சென்சார் ஒயரில் நிற்கும் டி.சி. வோல்டேஜ்) பாருங்கள். பெரும்பாலான தொழிற்சாலை சென்சார்களில் 10 முதல் 14 வோல்ட் டி.சி. இருக்கும். சப்ளை வோல்டேஜ் அப்படியே, அதாவது 24 போல, தெரிந்தால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட், அல்லது கரண்டே வரவில்லை. எண் அலைபாய்ந்தால் கனெக்டரில் ஈரம், அல்லது ஜங்ஷன் பாக்ஸில் தளர்ந்த திருகு.

இதெல்லாம் செய்தும் உயர் அதிர்வெண் கட்டாயம் வேண்டும் என்றால், கேபிளோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிக்னலை டிஜிட்டலாக்கும் கருவியை ஃபேன் அருகிலேயே தூசி புகாத பெட்டியில் வைத்து, அங்கிருந்து ஃபைபர் இழுங்கள். 300 மீட்டருக்குச் செம்பு ஈதர்நெட் ஆகாது. அதன் எல்லை 100 மீட்டர். எங்களைக் கேட்டால், 200 மீட்டர் தாண்டும் புதிய வேலை எதற்கும் இதையே முதலில் யோசிக்கச் சொல்வோம்.

கேள்வி: கன்வேயர் டிரைவில் 50 ஹெர்ட்ஸிலும் 100-லும் பெரிய பீக். மோட்டார் கோளாறா, கேபிள் இரைச்சலா? (வாசகர், நெய்வேலி)

பதில்: மோட்டாரை நிறுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பாகம்) கோளாறால் வரும் 100 ஹெர்ட்ஸும் பவரை வெட்டியதும் மறையும். பக்கத்துப் பவர் கேபிள் கொடுக்கும் இரைச்சலும் மறையும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. சுழலும் பாகங்களிலிருந்து விலகி, பாதுகாப்பாக, சென்சாரை மெஷினிலிருந்து கழற்றுங்கள். கேபிளைக் கழற்றாமல் அதை அந்தரத்தில் தொங்கவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். பீக் அப்படியே இருந்தால் கேபிள் இரைச்சலை வாங்குகிறது. மறைந்துவிட்டால், சென்சாரின் உடலை ஒரு துண்டு ஒயரால் மெஷின் உடலோடு இணையுங்கள். உடனே பீக் திரும்பினால் அது கிரவுண்டு லூப், அதாவது இரண்டு இடத்தில் எர்த் ஆனதால் கேபிளில் ஓடும் வேண்டாத கரண்ட். திரும்பாவிட்டால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகியுங்கள்.

கிரவுண்டு லூப் என்றால் ஷீல்டு இரு முனையிலும் எர்த் ஆகியிருக்கும். கண்ட்ரோல் ரூம் பக்கம் மட்டும் எர்த் இருக்கட்டும். சென்சார் பக்க ஷீல்டை வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ்தான் வழக்கமான குற்றவாளி: ஷீல்டு அங்கே பாக்ஸின் உடலைத் தொடாமல், தனி டெர்மினல் வழியே தொடர வேண்டும். பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகாதீர்கள். குறுக்கே போக நேர்ந்தால் 90 டிகிரியில் போங்கள். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவின் அவுட்புட் கேபிள் இருந்தால் இடைவெளியை இன்னும் கூட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேபிளை மெக்கர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்க்குமுன் சென்சாரையும் கார்டையும் இரு முனையிலும் கட்டாயம் கழற்றுங்கள். 500 வோல்ட் உள்ளே போனால் சென்சாரின் எலெக்ட்ரானிக்ஸ் மிஞ்சாது.

கேள்வி: பேரிங் உறை 140 டிகிரி. எந்த சென்சார்? (வாசகர், சேலம்)

பதில்: உள்ளே ஆம்ப்ளிஃபையர் உள்ள சாதாரண வகைகளுக்கு எல்லை சுமார் 120 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத சார்ஜ் வகை போடுங்கள். சில மாடல்கள் 480 டிகிரிக்கும் தாங்கும். சென்சாரிலிருந்து சார்ஜ் ஆம்ப்ளிஃபையர் வரை கேபிள் குறுகியதாக, ஆடாமல், கிளிப் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். அந்தக் கேபிள் அசைந்தால் அசைவே சிக்னலாகிவிடும்.

கேள்வி: ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள பம்ப் ஹவுஸுக்கு 4–20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் (அதிர்வின் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரண்டாக அனுப்பும் கருவி) போடலாமா, இல்லை ஒயர்லெஸ்ஸா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அதிர்வு மிஞ்சினால் பம்ப் தானாக ட்ரிப் ஆக, அதாவது நின்றுவிட வேண்டும் என்றால் 4–20. தூரம் அதற்குத் தடையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் போக வர 1 கிலோமீட்டருக்குச் சுமார் 24 ஓம்ஸ். கண்ட்ரோல் பேனலின் 250 ஓம்ஸைச் சேர்த்தால் 274. 20 மில்லி ஆம்பியரில் 5.5 வோல்ட் இழப்பு. 24 வோல்ட் சப்ளையில் டிரான்ஸ்மிட்டருக்கு 18.5 மிஞ்சுகிறது, பெரும்பாலான மாடல்களுக்கு அது தாராளம்.

0 முதல் 25 மில்லிமீட்டர்/வினாடி வரை அளக்கும் மாடலில் 8 மில்லி ஆம்பியர் என்றால் 6.25 என்று பொருள். கரண்ட் 3.6-க்குக் கீழே போனால் ஒயர் அறுந்ததாகக் கணக்கிட்டுத் தனி அலாரம் வையுங்கள். இல்லாவிட்டால் அறுந்த கேபிளும் அதிர்வே இல்லாத பம்ப் போலத் தெரியும். ட்ரிப்புக்குச் சில விநாடி தாமதம் கொடுங்கள், ஸ்டார்ட் ஆகும் நேரத்துக் குலுக்கலில் பம்ப் நிற்காது. இந்த ஒற்றை எண் சமநிலைக் குறைவையும் அலைன்மென்ட் பிழையையும் நன்றாகப் பிடிக்கும். பேரிங்கின் ஆரம்பக் கீறலை அது காட்டாது.

ஒயர்லெஸ்ஸுக்கு வேறு வேலை உண்டு. இந்தியாவில் லைசென்ஸ் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சக்தியில் இயங்கும் ரேடியோ முறை) தொலைவு போகும். ஆனால் ஒரு தடவைக்கு மிகக் குறைந்த தகவலையே அனுப்பும். முழு ஸ்பெக்ட்ரம் எதிர்பார்க்க முடியாது. பேட்டரியைக் காக்க அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் நாள்வாரிப் போக்கைப் பார்க்க மட்டும் அதை வையுங்கள். ட்ரிப் ஒயரிலேயே இருக்கட்டும்.