ஏரிக்கடியில் மணி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கிறேன். ஏரிக்கு அடியில் மணியோசை கேட்கும் இடத்தை ராத்திரியில் படித்துவிட்டு விளக்கை அணைக்கவே பயந்தேன். அது 3ஆம் அத்தியாயம். இப்போது 17 முடிந்துவிட்டது. மணி இன்னும் அடிக்கிறது, அடிப்பது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. பயம் போய் எரிச்சல் வருகிறது. மர்மத்துக்காகக் கதையை இழுக்கிறீர்களா?

ம.

அன்புள்ள ம.,

இழுக்க நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பிறகு 11 முதல் 13 வரை மறுபடி படித்தேன். மூன்றிலும் மணி அடிக்கிறது, ஊர் நடுங்குகிறது, விடிந்ததும் எல்லோரும் வயலுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் எரிச்சல் அங்கேதான் தொடங்கியிருக்கும். அது என் பிழை.

ஆனாலும் யார் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். அதற்கு வேதாளக் கதையைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் கதாசரித்சாகரத்தில் எழுதிய வடிவம் சுடுகாட்டில் தொடங்குவதில்லை. ஒரு துறவி தினமும் அரசவைக்கு வந்து பழம் ஒன்று தருகிறான். அரசன் அதை வாங்கிப் பொக்கிஷக்காரரிடம் நீட்டிவிடுகிறான். இப்படியே பத்து ஆண்டு. ஒருநாள் குரங்கு ஒன்று பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து ரத்தினம் விழுகிறது. பொக்கிஷ அறையைத் திறந்தால், பழமெல்லாம் அழுகிப்போய் ரத்தினங்கள் மட்டும் குவிந்து கிடக்கின்றன. அந்தப் பத்து ஆண்டைச் சில வரிகளில் தாண்டிவிட்டு, சுடுகாட்டின் ஒரே இரவை இருபதுக்கும் மேற்பட்ட கதைகளுக்கு நீட்டுகிறார் சோமதேவர். எங்கே ஓடுவது, எங்கே நிற்பது என்பதை நான் கற்றது அங்கேதான்.

அந்தத் துறவி கேட்டதால்தான், வேதாளம் குடியிருக்கும் பிணத்தைச் சுடுகாட்டு மரத்திலிருந்து சுமந்துவர அரசன் போகிறான். துறவிக்குப் பிணம் எதற்கு? அந்தக் கேள்வி கடைசிவரை மூடியே கிடக்கிறது, நமக்கு அலுப்பதில்லை. ஒவ்வொரு நடையிலும் வேதாளம் ஒரு புதிர் போடுகிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சிதறும். சொன்னால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். அரசன் சொல்கிறான், திரும்ப நடக்கிறான். சின்ன முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே இருப்பதால் பெரிய முடிச்சின் இருட்டைப் பொறுத்துக்கொள்கிறோம். கடைசிப் புதிருக்கு மட்டும் அவனுக்கு விடை தெரியவில்லை. அதுவரை காக்க முடியாத மௌனம் தானாக வாய்க்கிறது. துறவியின் சூழ்ச்சியை வேதாளம் சொல்வது அப்போதுதான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சிறுவயதில் அம்புலிமாமாவில் நான் படித்த வேதாளம் வேறு மாதிரி. மாதாமாதம் புதுக்கதை வரும், முடிவு வராது. தோளில் பிணத்தோடு அரசன் நடக்கும் சங்கரின் ஓவியத்தைப் பார்த்தால் பயமே வராது, தெரிந்தவர் வீட்டுக்குப் போவதுபோல் இருக்கும். அது பெரிய சுகம், இன்றும் ஏங்குகிறேன். ஆனால் என் ஏரிக்கு அந்தச் சுகம் வந்துவிடக் கூடாது. 13ஆம் அத்தியாயத்தில் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

18இல் மதகைத் திறக்கிறார்கள். அடிப்பது யார் என்று அப்போதும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு இரவும் எத்தனை முறை அடிக்கிறது, அந்த எண்ணிக்கை ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்று ஊர் கண்டுபிடித்துவிடும். 5ஆம் அத்தியாயத்திலேயே கிழவி ஒருத்தி விரல்விட்டு எண்ணுகிறாள். அதை மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.