பல்கலைக்கழகங்களின் விஷன், வேல்யூஸ் பக்கத்தைப் படிப்பதால் பயன் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன். எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களும் விஷன், வேல்யூஸ், ஸ்ட்ராட்டஜிக் பிளான் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கின்றன. அதையெல்லாம் படிக்க வேண்டுமா?

முக்கால்வாசியைப் படிக்க வேண்டாம். 'உலகத்தரம்', 'புதுமை', 'சிறப்பு' ஆகிய சொற்களை இடம் மாற்றிப் போட்டு எழுதியவை அவை. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. நம் ஊர்க் கல்லூரிகளில் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வருவதற்குமுன் அவசரமாகப் பெயின்ட் அடிக்கும் பலகையும் இந்த ரகம்தான்.

விதிவிலக்கு என்றால் எனக்குத் தெரிந்து மேடிசனில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்ததால் 'விஸ்கான்சின் ஐடியா' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். 1900களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ், பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேரும்வரை தனக்கு நிறைவு வராது என்று சொன்னார். அதுதான் அந்த ஐடியாவின் சாரம்.

இதில் எனக்குப் பிடித்தது, வேலை முதலில் நடந்தது, வாசகம் பிறகு வந்தது. பாலை எடை போட்டு மட்டும் காசு கொடுத்த காலம் அது. தண்ணீர் கலந்தவருக்கும் நல்ல பால் ஊற்றியவருக்கும் ஒரே விலை. 1890இல் அங்கே இருந்த ஸ்டீபன் பாப்காக், பாலில் கந்தக அமிலம் சேர்த்துச் சுழற்றி, மேலே வரும் கொழுப்பை அளக்கும் எளிய முறையைக் கொண்டுவந்தார். காப்புரிமை வாங்கவில்லை. இன்று நம் பால் சொசைட்டியில் ஃபேட் பார்த்து விலை போடுகிறார்களே, அதே யோசனை.

அப்புறம் 1933. மாடுகள் ரத்தம் உறையாமல் செத்துக்கொண்டிருந்தன. ஒரு விவசாயி பனிப்புயலில் வண்டி ஓட்டிவந்து, உறையாத ரத்தத்தைப் பால் கேனில் கொண்டுவந்து, அதே பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் ஆய்வகத்தில் வைத்தார். கெட்டுப்போன தீவனத்திலிருந்து, அதற்குக் காரணமான பொருளைச் சில ஆண்டுகளில் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்து, பிறகு இதய நோயாளிகளுக்கான மாத்திரை. பெயரின் முன்பாதி, ஆய்வுக்குப் பணம் தந்த 'வார்ஃப்' அறக்கட்டளையுடையது.

சரி, இந்த வாசகத்துக்குச் சோதனை வந்ததா? வந்தது. பல்கலைக்கழகத்தின் நோக்கம் அங்கே மாநிலச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2015இல் ஆளுநர் ஸ்காட் வாக்கரின் (அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி) பட்ஜெட் வரைவில், உண்மையைத் தேடுவது, மனித வாழ்வை மேம்படுத்துவது ஆகிய பகுதிகளை அடித்துவிட்டு, மாநிலத்தின் வேலையாள் தேவையை நிறைவேற்றுவது என்று சேர்த்திருந்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எழுத்துப் பிழை என்கிற மாதிரி ஒரு விளக்கம் சொல்லி உடனே பின்வாங்கினார்கள்.

ஆனால் வாசகம் பிழைத்ததே தவிர, பணம் பிழைக்கவில்லை. அதே பட்ஜெட்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 25 கோடி டாலர் வெட்டு விழுந்தது. பேராசிரியர்களின் பணி நிரந்தரத்துக்கு மாநிலச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பையும் எடுத்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் எல்லோரும் வாசகத்துக்காகக் கத்திய அளவு இதற்கும் கத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

அதனால் உங்களுக்குச் சொல்வது: விஷனைத் தாண்டிப் போங்கள். வேல்யூஸையும் மேலோட்டமாகப் பார்த்தால் போதும். ஸ்ட்ராட்டஜிக் பிளானில் வரும் திட்ட முன்னுரிமைகளை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். எந்தத் துறையில் புதிதாக ஆசிரியர்களை எடுக்கப் போகிறார்கள், எந்தக் கட்டடம் எழும்பும் என்று அங்கேதான் தெரியும். கூடவே கடந்த இரண்டு மூன்று ஆண்டு பட்ஜெட்டையும் தேடிப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். உங்கள் துறையின் பெயர் எங்குமே தட்டுப்படவில்லை என்றால், பேராசிரியருக்கு எழுதும்போது உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அங்கே அது சாதாரணக் கேள்வி.