வீட்டுப் பத்திரமும் தம்பியின் படிப்பும்

ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்து நான்கு வருடம் ஆகிறது. தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். அரசு உதவி பெறும் பள்ளி. கட்ஆஃப் 172. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் (டீம்டு யுனிவர்சிட்டி) நுழைவுத் தேர்வு எழுதி, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் வருடத்துக்கு 3,90,000. ஹாஸ்டல், மெஸ் சேர்த்து 1,60,000. அரசின் பொறியியல் கவுன்சிலிங்கில் போனால் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்) கிடைக்கும் என்கிறார்கள். அவனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து 15 லட்சம் கடன் வாங்கலாம் என்கிறார். மீதி என் பொறுப்பு. எனக்கென்று சேர்த்து வைத்திருப்பது 3 லட்சம். பத்து நாளில் முன்பணம் கட்ட வேண்டும். உங்கள் மகள் அப்படி ஒரு பல்கலைக்கழகத்தில் படித்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் தம்பியின் வாழ்க்கையைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆக மாட்டீர்கள். இந்த வீட்டில் கணக்குப் போடத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது. அதனால்தான் பயம் உங்களுக்கு வருகிறது. அந்தப் பயத்தைக் குற்ற உணர்வாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கல்விக்கடனாக வாங்கினால் 15 லட்சத்தை வங்கி ஒரே நாளில் தராது. வருடத்துக்கு 3,75,000 வீதம் நான்கு தவணையாகத் தரும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 5,25,000 வருகிறது. ஆக, தம்பி திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 20,25,000. அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 26,800 ரூபாய் வேண்டும். மொத்தம் கட்டுவது 32 லட்சத்துக்கு மேல். ஐடி கம்பெனிகள் கூட்டமாக வேலைக்கு எடுக்கும்போது புதியவர்களுக்குத் தரும் சம்பளம் இன்னமும் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே இருக்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது 27,000 அல்லது 28,000. அதைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு அவன் பெங்களூரில் எதைச் சாப்பிடுவான்? அந்த இடைவெளியை நிரப்பப் போவது உங்கள் சம்பளம். அப்பா இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு இது தோன்றியிருக்கவும் வாய்ப்பில்லை.

நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தால் என்று கேட்பீர்கள். கிடைக்கலாம். ஆனால் ரோட்டோர விளம்பரப் பலகையில் இருக்கும் அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். அது ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. ஒன்றிய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்காக ஒவ்வொரு கல்வி நிறுவனமும் கொடுக்கும் விவர அறிக்கையில், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்று ஒரு வரி இருக்கும். அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பதும் அதிலேயே இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த அறிக்கையை எடுத்து தம்பியையே வாசிக்கச் சொல்லுங்கள்.

என் மகளின் அனுபவத்தைக் கேட்டீர்கள். அவள் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். படிப்பைப் பொறுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும், தன்னாட்சி பெறாத நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். நிகர்நிலையில் பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் கையில். புதிய பாடம் சீக்கிரம் உள்ளே வரும். மகள் படித்த இடத்தில் எந்தப் பாடத்தை எந்த ஆசிரியரிடம், எந்த நேரத்தில் படிப்பது என்பதை மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம். பதிவு திறக்கும் நேரத்துக்கு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, நல்ல ஆசிரியரின் வகுப்பு நிரம்புவதற்குள் கிளிக் செய்துவிட வேண்டும். அது தவறிப்போன ஒரு செமஸ்டரில் அவள் அழுதே விட்டாள். மதிப்பெண்ணும் ஒப்பீட்டு முறையில்தான். நாம் எவ்வளவு எடுத்தோம் என்பதோடு கூடப் படிப்பவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையும் பார்த்துத்தான் கிரேடு போடுவார்கள். 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வே எழுத முடியாது. இரண்டாம் வருடத்தில் ஒரு பேராசிரியர் அவளைத் தன் ஆய்வகத்துக்குள் சேர்த்துக்கொண்டார். அவளுடைய நான்கு வருடத்தில் சிறந்த காலம் அதுதான். அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. மூன்று முறை போய்க் கேட்டாள். உங்கள் தம்பி போய்க் கேட்கிற பிள்ளையா? இது அவனைத் தெரிந்த உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வருடமும் பல நூறு பேர் சேரும் துறையில், கேட்காத பிள்ளையை யாரும் தேடி வரமாட்டார்கள்.

பணம் விஷயத்தில்தான் நாங்கள் தவறினோம். கட்டணச் சீட்டில் இருந்ததை மட்டும் செலவு என்று நினைத்திருந்தோம். முதல் வருடம் லேப்டாப், ஊருக்கு வந்துபோகும் டிக்கெட், கிளப் சந்தா, கலைவிழாப் பணம், மெஸ் பிடிக்காமல் ராத்திரி வெளியே சாப்பிட்டது என்று மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் கூடுதலாகப் போனது. அவள் ஆடம்பரமான பெண் அல்ல. அறையில் நான்கு பேர். மூன்று பேர் வீட்டில் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒருத்தியின் பிறந்தநாளுக்கு எல்லோரும் பங்கு போட்டு ஹோட்டலுக்குப் போனால், வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாளாம். இதை எங்களிடம் அவள் சொன்னது மூன்றாம் வருடத்தில். எனக்கு இன்றும் ஆறவில்லை. வீடு அடமானத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை இன்னும் எவ்வளவு மறைப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் என் கருத்து இதுதான். இந்தக் கட்டணத்துக்கு, இந்தக் கடனுக்கு, வேண்டாம். இதே பல்கலைக்கழகத்தில் நல்ல ரேங்கில், இதில் பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கவுன்சிலிங் வழியைப் பாருங்கள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017இல் கட்டணக் குழு வைத்த வரம்பு 50,000. தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. பஸ், தேர்வுக் கட்டணம், வேறு பெயர்களில் வசூல் என்று கூடும். அதையெல்லாம் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எல்லாம் சேர்த்தாலும், நீங்கள் சொன்ன கட்டணமும் ஹாஸ்டலும் நான்கு வருடத்துக்கு ஆகும் 22 லட்சத்துக்குப் பக்கத்தில் வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காது, நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி. அதற்காக வருத்தப்படாதீர்கள். அந்த வீட்டில் முதலில் படித்துக் காட்டியவர் நீங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசையை என்ன செய்வது? இசிஇ முடித்தவர்களையும் மென்பொருள் நிறுவனங்கள் எடுக்கின்றன. அதோடு, சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு இருக்கிறது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. தகுதிச் சுற்றுப் பாடங்களைப் படித்துத் தேறினால் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் அனுமதி கொடுத்துவிட்டது. இரண்டையும் சுமப்பது சுலபம் இல்லை. ஆனால் தகுதிச் சுற்றின் சில வாரங்களிலேயே அவனுக்கு அந்தத் துறையில் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள வீட்டுப் பத்திரம் தேவையில்லை.

இவ்வளவு சொல்லியும் அப்பாவும் தம்பியும் பிடிவாதமாக நின்றால், பத்திரத்தைத் தொடும் முன் வங்கியில் பிஎம் வித்யாலட்சுமி என்ற கல்விக்கடன் திட்டத்தைக் கேளுங்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தரவரிசையில் மேலே இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் இந்தப் பல்கலைக்கழகம் இருந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. பட்டியலில் இல்லையென்றாலும் வழக்கமான கல்விக்கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். வீடு தப்பும்.

முன்பணம் பற்றி ஒன்று. பத்து நாள் என்று அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காகப் பயப்படாதீர்கள். கட்டிவிட்டாலும், குறித்த தேதிக்குள் விலகினால் திருப்பித் தரச் சொல்லி யுஜிசி விதி இருக்கிறது. எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இல்லை. சரிபார்த்தவுடன் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை உட்கார வைத்து அந்த 26,800 ரூபாய்க் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள், அக்கா தடுக்கிறாள் என்று ஆகிவிடும். உங்கள் 3 லட்சத்தைப் பற்றி அப்போது பேச்சே எடுக்க வேண்டாம். அது உங்களுடையது. தம்பி என்ன சொன்னான் என்று கவுன்சிலிங்கில் விருப்பக் கல்லூரிகளைப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கும் முன் எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலைச் சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்