நாவல் பிரதியில் பத்தியையும் உரையாடலையும் எப்படி அமைப்பது?

முதல் நாவலை வேர்டில் அடித்து முடித்துவிட்டேன், பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் பத்திகளையும் உரையாடலையும் எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உரையாடலில் இருந்தே தொடங்குகிறேன், புதிதாக எழுதுபவர்களின் பிரதிகளில் நான் தடுமாறி நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

பேசும் ஆள் மாறினால் பத்தியும் மாற வேண்டும், பதில் வெறும் "ம்" என்றாலும் சரி. பேசுகிறவர் செய்கிற காரியம் அவருடைய பேச்சோடு ஒரே பத்தியில் இருக்கட்டும். அம்மா பேசும் பத்தியின் கடைசியில் மகன் செருப்பை மாட்டினான் என்று எழுதினால், அடுத்து வரும் வசனம் யாருடையது என்று குழப்பம் வரும்.

தமிழில் என்றான், என்றாள் எல்லாம் கடைசியில்தான் வரும். வசனம் ஐந்து வரி நீண்டால், அது முடிகிற வரை யார் பேசுகிறார் என்றே தெரியாது! அதனால் ஆளை முன்னால் கொண்டுவாருங்கள்:

செல்வி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். "அவங்க நாளைக்குத்தான் வருவாங்க மாமா. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

இதற்குப் பிறகு என்றாள் தேவையே இல்லை. 'மாமா', 'நீங்க' இரண்டும் யார் யாரிடம் பேசுகிறார் என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஓர் ஆணும் பெண்ணும் மட்டும் பேசும் காட்சியில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும், பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம்.

பேச்சுக்கு இரட்டை மேற்கோள், மனதுக்குள் நினைப்பதற்கு ஒற்றை என்று வைத்துக்கொண்டால் கடைசிப் பக்கம் வரை அப்படியே போங்கள். வசனத்தின் கேள்விக்குறி மேற்கோளுக்கு உள்ளேதான். ஒருவரே பல பத்திகளுக்குப் பேசினால் ஒவ்வொரு பத்தியும் மேற்கோளோடு தொடங்கும், மூடும் குறி கடைசிப் பத்தியில் மட்டும் வரும்.

பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் பட்டனைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள், தயவுசெய்து. வேர்டில் பத்தி அமைப்புக்குப் போய் முதல் வரிக்கு 1.27 செ.மீ. கொடுத்தால் போதும். தட்டிய இடைவெளிகள் பக்க வடிவமைப்பிலும் மின்நூலிலும் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும், வடிவமைப்பவர் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருக்கும். காட்சி மாறும் இடத்தில் வெற்று வரி மட்டும் விட்டால் அது பக்க முடிவில் விழுந்து காணாமல் போய்விடும், நடுவில் மூன்று நட்சத்திரக் குறி போடுங்கள். புது அத்தியாயத்துக்கு கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் அடுத்த பக்கம் வந்துவிடும்.

அப்புறம், யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், அனுப்புங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அது இல்லாத கணினியில் உங்கள் நாவல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும்.