டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருதா?

கேள்வி: அக்கா, என் பையனுக்கு அஞ்சு வயசு, யூகேஜி படிக்கிறான். காலைல கட்டிக் குடுக்குற டிபன் பாதிக்கு மேல அப்படியே திரும்பி வருது. வீட்டுக்கு வந்ததும் அஞ்சு ரூபா சிப்ஸ் பாக்கெட் கேட்டு அழுவுறான், எங்க அத்தையும் பாவம்னு டீயும் பிஸ்கட்டும் குடுத்துடறாங்க. ராத்திரி களி கிண்டினா தட்டையே தள்ளி விட்டுடறான். என்ன பண்றது?
வாசகி, பாலக்கோடு

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த நாலு மணியப் பாரு. புள்ளைக்கு நல்லா பசி எடுக்குற நேரமே அதுதான், அந்தப் பசிய சிப்ஸும் பிஸ்கட்டும் அடைச்சிடுது, அப்புறம் எட்டு மணிக்கு நீ எது கிண்டினாலும் உள்ள எறங்காது. டீ இந்த வயசுக்கு வேணவே வேணாம், சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்த அது உடம்புல சேர விடாது. அதுக்காக அத்தைகிட்ட சண்டைக்குப் போகாத, பேரன் பசியோட வந்து நிக்கறதப் பார்த்தா அவங்களுக்கு மனசு தாங்கல, அவ்வளவுதான். வேகவெச்ச நிலக்கடல, எள்ளுருண்டை, வாழப்பழம், சீசன்ல ஒரு மாம்பழம்னு எடுத்து வெச்சிட்டு "அத்தை நீங்களே உங்க கையால குடுங்க"ன்னு சொல்லிடு. சிப்ஸ வாங்கி வீட்ல ஒளிச்சு வெக்கறத விட வாங்காமலே இருக்கறது நல்லது.

களிக்காக அவனத் திட்டாத. நம்ம பக்கம் களிய மெல்லாம முழுங்கித்தான் பழக்கம், சின்னப் புள்ளைக்கு அது லேசுல வராது. ஆனா ராகிய மட்டும் விட்டுடாத, 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அதே அளவு பால்ல இருக்கறத விட ரெண்டு மடங்குக்கும் மேல. தர்மபுரி மாவட்டத்துல 2023லயே ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி குடுக்க ஆரம்பிச்சாங்க, வாங்கி மாட்டுக்குப் போடாம புள்ளைக்குப் போடுங்க. நம்ம ஊரு போர் தண்ணில புளோரைடு வேற அதிகம், பல்லு மஞ்சளாகி கறை புடிக்கறது அதனாலதான், அதனால ஸ்கூல் பாட்டில்ல ஒகேனக்கல் குடிதண்ணியையே புடிச்சுக் குடு.

இப்ப டிபன் பாக்ஸ். காலைல ஏழு மணிக்கு மெத்துனு இருக்குற ராகி அடை மதியம் வெறைச்சுப் போயிடும், அத எந்தப் புள்ளையும் மெல்லாது. மாவ வெந்நீர்ல பெசஞ்சு, முருங்கைக்கீரையும் பொடியா நறுக்குன வெங்காயமும் போட்டு, உள்ளங்கை அளவுக்குச் சின்னதா தட்டி, ரெண்டு பக்கமும் எண்ணெய் விட்டுச் சுட்டு, ஆறவிட்டு மூடு, சூடா மூடுனா வேர்த்து நசநசன்னு ஆயிடும். இன்னொன்னு, அந்த பாக்ஸ் மூடிய அவனால தொறக்க முடியுதான்னு வீட்ல ஒருதடவ தொறக்கச் சொல்லிப் பாரு. மூடி டைட்டா இருந்து, மிஸ்கிட்ட கேக்க வெக்கப்பட்டு, ரெண்டு வாய் தின்னுட்டு மூடி வெச்சிடற புள்ளைங்க நெறைய பேர்.

கேள்வி: நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். சத்துணவுல முட்டைய சாப்பிட்டுடறாங்க, காய், கீரைய மட்டும் தட்டோரம் ஒதுக்கிடறாங்க. கேட் வெளிய விக்கிற கலர் கலரான தின்பண்டம்தான் புடிக்குது.
ஊத்தங்கரை

பதில்: டீச்சர், முடிஞ்சா வாரத்துல ஒரு நாளாவது அவங்ககூட தரையில உக்காந்து அதே சாப்பாட்ட சாப்புடுங்க. மிஸ் தின்னா அதுங்களும் தின்னும், இதவிட பெரிய பாடம் கிடையாது. காய் ஒரு ஸ்பூன் மட்டும் வெக்கச் சொல்லுங்க, பத்து தடவைக்கு மேல வெச்ச பிறகுதான் சில புள்ளைங்க வாய்ல வெக்கும், அதுவரைக்கும் திட்டவும் வேணாம், "காய் தின்னா சாக்லேட் தரேன்"னு ஆசை காட்டவும் வேணாம், அப்படிச் சொன்னா காய் தண்டனைன்னே மனசுல பதிஞ்சிடும். பொறந்தநாளுக்கு சாக்லேட்டுக்குப் பதிலா கடலமிட்டாய் குடுக்கலாம்னு பெற்றோர் கூட்டத்துல பேசுங்க.

கேட் பக்கம் விக்கறத சும்மா விடாதீங்க. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்குற தின்பண்டத்த பள்ளி வளாகத்துலயும் கேட்டுலருந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு 2020லயே விதி வந்துடுச்சு. சாயம் கலந்த பஞ்சுமிட்டாய 2024ல தமிழ்நாட்டுல தடையே பண்ணாங்க. தலைமை ஆசிரியர் மூலமா உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவறாங்களா, குடற்புழு மாத்திரை குடுக்குற அன்னிக்கு லீவு போட்ட புள்ளைங்களுக்கு அப்புறமா கிடைச்சுதான்னும் பாத்துக்கோங்க. வயித்துல பூச்சி இருந்தா தின்ன சத்து ஒடம்புல ஒட்டாது டீச்சர்.